கேஜ் ஜீரோ காட்டினால் போதுமா? சிஎன்ஜி கம்ப்ரஸர் வால்வைக் கழற்றுவதில் இவ்வளவு விஷயம் இருக்கு!

“கம்ப்ரஸர் சர்வீஸ். கேஸ் இல்லை.”

சிஎன்ஜி வண்டி வைத்திருப்பவர்கள் இந்த போர்டை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். எப்போ முடியும் என்று கேட்டால், “இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்” என்று பதில் வரும். “ஒரு வால்வை மாத்த ரெண்டு மணி நேரமா?” என்று அடுத்த கேள்வியும் உடனே வரும்.

நியாயமான கேள்விதான். கழற்றப்போகும் வால்வு உள்ளங்கையில் அடங்கிவிடும். அதை மாட்டியிருக்கும் போல்ட்டுகள் நாலோ ஆறோதான். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பும், கடைசி நட்டை இறுக்கிய பிறகும் நடக்கும் வேலைகள்தான் அந்த நேரத்தைச் சாப்பிடுகின்றன. அவற்றில் ஒன்றை விட்டாலும், ஷெட்டுக்குள் இருக்கும் மெக்கானிக்கின் உயிருக்கே ஆபத்து. அப்படி என்னதான் நடக்குது அங்கே? பார்க்கலாம்.

சங்கரன்கோவில் பக்கம் கேஸ் எப்படி வருது?

2021 பிப்ரவரி 17-ம் தேதி, ராமநாதபுரம் – தூத்துக்குடி இயற்கை எரிவாயுக் குழாயைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நீளம் 143 கிலோமீட்டர். எண்ணூரில் தொடங்கித் தூத்துக்குடி வரை திட்டமிடப்பட்ட பெரிய பைப்லைனின் ஒரு துண்டு இது. தென் மாவட்டங்களுக்கு பைப்லைன் கேஸ் வருவதற்கான முக்கியமான படி இதுதான்.

ஆனால் பைப்லைன் எல்லா ஊர் வாசலுக்கும் வந்துவிடாது. திருநெல்வேலியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சங்கரன்கோவில் மாதிரியான ஊர்களுக்கு சிஎன்ஜி போய்ச் சேர, இந்தியா முழுக்க ஒரே பாணிதான். குழாய் போகும் இடத்தில் ஒரு ‘மதர் ஸ்டேஷன்’ இருக்கும். அங்கே பெரிய கம்ப்ரஸர் கேஸை அழுத்தி, லாரியில் அடுக்கிய சிலிண்டர்களில் நிரப்பும். அந்த லாரி குழாய் இல்லாத ஊரில் உள்ள ‘டாட்டர் ஸ்டேஷனு’க்குப் போகும். லாரி சிலிண்டரில் பிரஷர் இறங்க இறங்க, அங்கே இருக்கும் சின்ன பூஸ்டர் கம்ப்ரஸர் அதை மறுபடி ஏற்றிக் கொடுக்கும்.

அதாவது, உங்க வண்டிக்குள் வரும் கேஸ் வழியில் ஒரு கம்ப்ரஸரையாவது, சில சமயம் இரண்டையும் தாண்டித்தான் வருது. அதில் ஒன்று நின்றாலும் க்யூ நின்றுவிடும். 1998-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் டெல்லி பஸ்கள் சிஎன்ஜிக்கு மாறத் தொடங்கியபோது, கேஸ் நிரப்பும் வசதி வேகமாக வளராததால் பஸ்களும் ஆட்டோக்களும் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற கதை இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றிப்போகும் ஒரு லோடு ஆட்டோ சிஎன்ஜியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விடிகாலையில் கேஸ் கிடைக்கவில்லை என்றால், அந்த டிரைவருக்குப் போவது இரண்டு மணி நேரம் மட்டுமில்லை. பூ வாடிவிடும், அன்றைய வருமானமும் போய்விடும்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரும் இதுவும் ஒண்ணா?

அடிப்படை ஒன்றுதான். பஞ்சர் கடையில் ‘டக டக’ என்று ஓடும் கம்ப்ரஸரைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு பிஸ்டன். அது கீழே இறங்கும்போது காற்று உள்ளே வரும். மேலே ஏறும்போது காற்று அமுங்கி வெளியே போகும். சைக்கிள் பம்ப்பும் இதே கதைதான்.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. பஞ்சர் கடை டேங்கில் இருப்பது சாதாரணமாக 8 முதல் 10 பார் பிரஷர். சிஎன்ஜி கம்ப்ரஸர் கொடுக்க வேண்டியது சுமார் 250 பார். உங்க வண்டி சிலிண்டரில் நிரம்புவது 200 பார்.

இவ்வளவையும் ஒரே அமுக்கில் ஏற்ற முடியாது. காரணம், சூடு. சைக்கிள் பம்ப் அடித்தால் அதன் அடிப்பக்கம் சுடுமே, அதே விஷயம். குழாயில் 14 பாரில் வரும் இயற்கை எரிவாயுவை ஒரே தாவலில் 250 பாருக்கு அமுக்கினால், கணக்குப்படி அது 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆயில் தாங்காது, ரிங் தாங்காது. அதனால் மூன்று கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் கூலரில் ஆற வைக்கிறார்கள். அப்போது ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம் 110 டிகிரி அளவில் நிற்கும். இந்த வகை கம்ப்ரஸர்களுக்கான ஏபிஐ 618 என்ற சர்வதேசத் தரநிலை, வடிவமைப்பில் 150 டிகிரியைத்தான் மேல் எல்லையாக வைக்கிறது.

ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி சிலிண்டர். சிலிண்டரின் முனையை மூடியிருப்பது ஹெட். கேஸ் உள்ளே வர சக்‌ஷன் வால்வு, வெளியே போக டிஸ்சார்ஜ் வால்வு. பிஸ்டனின் இரண்டு பக்கமும் கேஸை அமுக்கும் டிசைனாக இருந்தால், இரண்டு பக்கமும் வால்வு வேண்டும். ஒரு மெஷினில் பத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் இருப்பது சாதாரணம்.

இந்த வால்வை யார் திறந்து மூடுறாங்க?

யாருமே இல்லை. பைக் இன்ஜினில் வால்வைத் தள்ள கேம் ஷாஃப்ட் இருக்கும். கம்ப்ரஸர் வால்வுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு பக்கம் பிரஷர் கூடினால் தகடு விலகும். சமமானால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். சீட், அதன் மேல் தகடு அல்லது வளையம், ஸ்பிரிங், அது ரொம்ப விலகாமல் தடுக்க ஒரு கார்டு. இவ்வளவுதான் வால்வு. தகடு நகரும் தூரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்.

இந்த எளிமையான வால்வுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1895-ல் ஹான்ஸ் ஹோர்பிகர் என்ற ஆஸ்திரிய இன்ஜினீயர், இரும்பு உலைகளுக்குக் காற்று ஊதும் இயந்திரங்களுக்காக எஃகுத் தகடு வால்வைக் கண்டுபிடித்தார். பிரபஞ்சமே பனிக்கட்டியால் ஆனது என்று பிற்பாடு அவர் சொன்ன கொள்கையை விஞ்ஞானிகள் ஒதுக்கித் தள்ளினார்கள். வால்வை மட்டும் யாரும் ஒதுக்கவில்லை. அதே தத்துவம்தான் இன்றும் ஓடுகிறது. பல இடங்களில் எஃகுத் தகடுக்குப் பதிலாக ‘பீக்’ எனும் கடினமான பிளாஸ்டிக் வந்திருக்கிறது.

சின்னப் பொருள், ஆனால் வேலை பெரிசு. நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடும் கம்ப்ரஸரில், ஒரு வால்வு நிமிடத்துக்கு 1,000 முறை திறந்து மூடும். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் 12 லட்சம் முறை. பல கம்பெனிகளின் கையேடுகள் 4,000 மணி நேரம், 8,000 மணி நேரம் என்ற படிகளில் சர்வீஸ் சொல்கின்றன. 4,000 மணி நேரத்துக்குள் அந்தத் தகடு 24 கோடி முறை அடிபட்டிருக்கும்.

பிறகு அது தேயாமல் என்ன செய்யும்? ஹைட்ரஜன் கம்ப்ரஸர்களை வைத்து 1990-களில் வெளியான, இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு, திட்டமிடாமல் மெஷின் நிற்பதற்கான காரணங்களில் 36 சதவீதம் வால்வுதான் என்றது. பட்டியலில் முதலிடம்.

வால்வு போச்சுன்னு எப்படித் தெரியும்?

திறந்து பார்க்காமலே சொல்லலாம். முதல் துப்பு சூடு. சக்‌ஷன் வால்வு சரியாக மூடவில்லை என்றால், அமுங்கிச் சூடான கேஸ் வந்த வழியே திரும்பிப் போகும். அதனால் அந்த வால்வின் மூடி மட்டும் பக்கத்து மூடிகளைவிட அதிகமாகச் சுடும். காய்ச்சல் பார்க்கிற மாதிரி இன்ஃப்ராரெட் கன்னை ஒவ்வொரு மூடி மேலும் காட்டி, எண்ணை எழுதி வைப்பார்கள். டிஸ்சார்ஜ் வால்வு லீக் ஆனால், வெளியே போன சூடான கேஸ் சிலிண்டருக்குள் திரும்பி வந்து மறுபடி அமுங்கும். அந்தக் கட்டத்தின் வெளியேறும் வெப்பமே ஏறிவிடும்.

இரண்டாவது துப்பு, கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் பிரஷர். இரண்டாம் கட்டத்தில் வால்வு பழுதானால், முதல் கட்டம் அனுப்பும் கேஸை அதால் முழுக்க வாங்கிக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் நடுவில் பிரஷர் ஏறும். மூன்றாவது, நமக்கே தெரிவது: டேங்க் நிரம்ப நேரமாகும்.

உடைவதற்கும் காரணங்கள் உண்டு. கேஸோடு வரும் தூசி, கூலரில் தேங்கிய தண்ணீர்த் துளி, சோர்ந்துபோன ஸ்பிரிங் எல்லாம் பட்டியலில் இருக்கு. ஆயில் குறைந்தால் கெடுதல் என்று நமக்குத் தெரியும். அதிகமானாலும் கெடுதல்தான். ஒட்டும் ஆயில் தகடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது தாமதமாக விடுபட்டு, பட்டென்று அடிக்கும். அப்படி அடிபட்டே விரிசல் விடும். அதனால்தான், உடைந்த வால்வை மட்டும் மாற்றிவிட்டு, ஏன் உடைந்தது என்று பார்க்காமல் போனால் அடுத்த மாதமும் அதே போர்டு தொங்கும்.

சரி, ஆபத்து எங்கே இருக்கு?

கேஜில்!

மெஷினை நிறுத்தியாச்சு. கரன்ட்டைத் துண்டித்து, ஸ்விட்சில் பூட்டுப் போட்டு, “ஆள் வேலை செய்கிறார்” என்று அட்டை மாட்டியாச்சு. சாவி வேலை செய்பவரின் பாக்கெட்டில். கேஸ் வரும் வழி, போகும் வழி இரண்டையும் அடைத்து, உள்ளே இருந்த கேஸை உயரமான வென்ட் குழாய் வழியாக வெளியேற்றியாச்சு. கேஜைப் பார்த்தால் ஊசி ஜீரோவில் நிற்கிறது. இப்போ கழற்றலாமா?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 250 பார் அளக்கும் இடத்தில் பொதுவாக 400 பார் வரை காட்டும் கேஜ் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது 1.6 வகுப்பு கேஜ் என்றால், அதன் பிழை முழு அளவில் 1.6 சதவீதம் வரை போகலாம். அதாவது 6.4 பார். உள்ளே 5 பார் மிச்சம் இருந்தால், ஊசி சுமார் 3 டிகிரிதான் நகரும். கடிகாரத்தின் நிமிட முள் அரை நிமிடத்தில் நகரும் தூரம். கண்ணுக்கு ஜீரோ மாதிரியேதான் தெரியும்.

5 பார்தானே, பஞ்சர் கடை டேங்கில்கூட அதைவிட அதிகம் என்று தோன்றும். ஆனால் பிரஷர் எவ்வளவு பரப்பில் தள்ளுகிறது என்று பார்க்கணும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வால்வு மூடியை 5 பார் தள்ளும் விசை சுமார் 400 கிலோ. இரண்டு புல்லட் பைக்கின் எடை. மெக்கானிக் குனிந்து, முகத்தை மூடிக்கு நேராக வைத்துக் கடைசி நட்டைக் கழற்றுகிறார் என்று நினைத்துப் பாருங்கள். 250 பார் முழுசாக இருந்தால் அதே மூடியில் 20 டன்.

இதனால்தான் தேர்ந்தவர்கள் கேஜை நம்பி மட்டும் கை வைப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வென்ட் வால்வைத் திறந்து, கேஸ் வருவது நின்றுவிட்டதா என்று பார்ப்பார்கள். ஒரு கட்டம் காலியானால் இன்னொன்றும் காலி என்று அர்த்தமில்லை. நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வோ, அடைத்துக்கொண்ட குழாயோ கேஸைப் பிடித்து வைத்திருக்கலாம். வேலை முடியும் வரை வென்ட் திறந்தே இருக்கும். அடைத்த வால்வு லேசாகக் கசிந்தால்கூட உள்ளே பிரஷர் சேரக் கூடாதே.

அடுத்து, கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்ற முடியாதபடி தடுத்து வைப்பார்கள். கரன்ட் இல்லாவிட்டாலும், ஒரு சிலிண்டரில் மிச்சமிருக்கும் கேஸ் பிஸ்டனைத் தள்ளினால் மெஷின் தானாகவே சுழலும். உள்ளே விரல் இருந்தால் அவ்வளவுதான்.

மூடியைக் கழற்றுவதிலும் ஒரு முறை இருக்கு. எந்த நட்டையும் முழுசாக எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் சில மில்லிமீட்டர் மட்டும் தளர்த்தி, மூடியை லேசாக அசைத்து இடம்விட்டு நகர்த்த வேண்டும். மிச்ச கேஸ் இருந்தால் ‘உஸ்ஸ்’ என்று அந்த இடைவெளியில் போய்விடும். மூடி பறக்காமல் நட்டு பிடித்துக்கொள்ளும். சத்தம் அடங்கி, மூடி கையால் அசையுது என்று உறுதியான பிறகுதான் நட்டுகள் வெளியே வரும்.

வால்வைக் கழற்றிய பிறகு?

படுக்கை வசமான சிலிண்டர்களில் டிஸ்சார்ஜ் வால்வு பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும். தண்ணீரோ ஆயிலோ தேங்காமல் வடிந்துவிட அந்த ஏற்பாடு. மூடியை எடுத்ததும் வால்வும் அதைத் தாங்கும் கேஜும் கையில் விழலாம். அதனால் தாங்கிப் பிடித்துத்தான் இறக்க வேண்டும். எந்த வால்வு எந்த இடத்திலிருந்து வந்தது என்று அங்கேயே மார்க் பண்ணுவார்கள்.

பிறகு டேபிளில் பிரித்துப் போட்டால், வால்வே கதை சொல்லும். தகட்டின் ஓரம் உடைந்திருந்தால் ஒரு காரணம். ஸ்பிரிங் தேய்ந்திருந்தால் இன்னொன்று. கறுப்பாகக் கரி படிந்திருந்தால் சூடும் ஆயிலும் அதிகம் என்று அர்த்தம். ஒரு துண்டு குறைந்தால், அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் மூடக் கூடாது. சிலிண்டருக்குள் விழுந்த ஒரு சின்னத் துண்டு, பிஸ்டனையும் ஹெட்டையும் சேர்த்து நாசம் பண்ணிவிடும்.

சீட்டில் லேசான கீறல் என்றால் லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துச் சமமாக்குவார்கள். புதுத் தகடு, புது ஸ்பிரிங் போட்டுப் பூட்டி, மேலே கெரசின் மாதிரியான திரவத்தை ஊற்றிப் பார்ப்பார்கள். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் கையேடு சொல்லும் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒழுகினால் மறுபடி லேப்பிங்.

மாத்தி மாட்டினா என்ன ஆகும்?

சக்‌ஷன் வால்வும் டிஸ்சார்ஜ் வால்வும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் டிஸ்சார்ஜ் இடத்தில் சக்‌ஷன் வால்வை மாட்டிவிட்டால், பிஸ்டன் அமுக்கும் கேஸுக்கு வெளியே போக வழியே இருக்காது. பிரஷர் எகிறும். மூடியோ, ஹெட்டோ, பிஸ்டன் ராடோ, எது பலவீனமோ அது போகும்.

இதனால்தான், ஒன்றை இன்னொன்றின் இடத்தில் தவறுதலாக மாட்டவே முடியாதபடி வால்வுகளை வடிவமைக்க வேண்டும் என்று ஏபிஐ 618 சொல்கிறது. ஆனால் எல்லா மெஷினும் அந்தத் தரநிலைப்படி செய்ததாக இருக்காது. அதனால் மெக்கானிக்குகள் ஒரு எளிய சோதனை செய்வார்கள். வால்வை அதன் இடத்தில் வைக்கும் முன், மெல்லிய மழுங்கலான குச்சியால் தகடைத் தள்ளிப் பார்ப்பது. சக்‌ஷன் வால்வில், வெளியிலிருந்து சிலிண்டரை நோக்கித் தள்ளினால் தகடு விலகும். டிஸ்சார்ஜ் வால்வில், சிலிண்டர் பக்கமிருந்து வெளியே தள்ளினால் விலகும். பத்து செகண்ட் வேலை. ஒரு மெஷினைக் காப்பாற்றும், ஓர் ஆளையும் காப்பாற்றும்.

இன்னொரு சின்ன விஷயம், பழைய கேஸ்கெட். அது உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் மேலே புதுசையும் வைத்தால், வால்வு சரியாக உட்காராது. ஆடும். ஆடும் வால்வு சீக்கிரமே உடையும். டார்ச் அடித்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

ஹெட்டைத் திறந்தால் வேலை இரட்டிப்பு

பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உள்சுவரையும் பார்க்கணும் என்றால் ஹெட்டையே கழற்ற வேண்டும். விரிசல் இருக்கா, முகம் சமமாக இருக்கா, தண்ணீர் ஓடும் வழியில் உப்புப் படிந்திருக்கா என்று பார்த்துத் திரும்ப மாட்டும்போது, இரண்டு விஷயத்தில் அவசரம் ஆகாது.

ஒன்று, இறுக்கும் விதம். கார் டயர் மாட்டும்போது எதிரெதிர் நட்டாக இறுக்குவது போலத்தான். ஒரே மூச்சில் இறுக்காமல், டார்க் ரெஞ்ச் வைத்து, பல சுற்றுகளாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு பக்கம் முதலில் இறுகிவிட்டால் மூடி சாய்ந்து உட்காரும், ஸ்டட் வளையும். அது இன்று உடையாது. சில மாதம் கழித்து, ஓடிக்கொண்டிருக்கும்போது உடையும்.

இரண்டாவது, இடைவெளி. பிஸ்டன் கடைசி வரை போய் நிற்கும் இடத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். மெஷின் சூடானால் பிஸ்டன் ராட் நீளும். இடைவெளி போதவில்லை என்றால் பிஸ்டன் போய் ஹெட்டில் இடிக்கும். அதனால் அளந்து, எழுதிவைத்து, ஸ்டார்ட் பண்ணும் முன் ஒரு முழுச் சுற்று கையாலேயே சுற்றிப் பார்ப்பார்கள்.

ஸ்டார்ட் பட்டனுக்கு முன் ஒரு படி

சிலிண்டரைத் திறந்தபோது உள்ளே காற்று புகுந்திருக்கும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் தீப்பற்றும். அப்படிப்பட்ட கலவையை அமுக்கிச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும். நைட்ரஜன் விட்டோ, குறைந்த பிரஷரில் கேஸையே மெதுவாக ஓடவிட்டோ வென்ட் வழியாகத் தள்ளுவார்கள். பிறகு லோடு இல்லாமல் ஓட்டி, ஒவ்வொரு மூடியிலும் லீக் பார்த்து, மறுபடி அதே இன்ஃப்ராரெட் கன்னை எடுத்து வெப்பத்தைக் குறிப்பார்கள். அடுத்த முறை ஒப்பிட அந்த எண்கள் வேணும்.

இதெல்லாம் மெக்கானிக்கின் நல்ல மனசை நம்பி மட்டும் விடப்பட்ட வேலை இல்லை. நகர எரிவாயு வலையமைப்புகளுக்கான பாதுகாப்புத் தரநிலைகளைப் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2008-ல் வெளியிட்டது. அதிக அழுத்தச் சிலிண்டர்களுக்கான அனுமதி, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பெசோ’ அமைப்பிடம் இருக்கிறது. ஆனால் விதி புத்தகத்தில் இருப்பதும், க்யூவில் நாற்பது வண்டி ஹாரன் அடிக்கும்போது அதைக் கடைப்பிடிப்பதும் வேறு வேறு.

இதுல நமக்கு என்ன இருக்கு?

ரெண்டு விஷயம் இருக்கு.

முதலாவது, உங்க டேங்க். பங்க்கில் இருக்கும் சேமிப்பு சிலிண்டர்களிலிருந்து பிரஷர் வித்தியாசத்தில்தான் உங்க வண்டிக்கு கேஸ் பாய்கிறது. கம்ப்ரஸர் வால்வு பலவீனமாகி, சேமிப்பு 160 பாரில் நின்றுவிட்டால், உங்க டேங்க்கும் அதைத் தாண்டாது. கிலோ கணக்கில்தான் பில் என்பதால் பணம் அதிகம் போகாது. ஆனால் சீக்கிரமே திரும்ப க்யூவுக்கு வர வேண்டியிருக்கும். ஒழுங்காக நடக்கும் சர்வீஸ் உங்க நேரத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது.

இரண்டாவது, அந்த ஷெட்டுக்குள் இருப்பவர். பெரும்பாலும் ஐடிஐ ஃபிட்டரோ, டிப்ளமோ மெக்கானிக்கலோ படித்த இளைஞர். நாம் வெளியே நின்று “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்கும்போது அவர் சுருக்கக்கூடிய நேரம் மிகக் குறைவு. லேப்பிங்கைச் சுருக்க முடியாது. டார்க் ரெஞ்சைச் சுருக்க முடியாது. அவசரத்தில் யாரும் கவனிக்காமல் விட்டுவிடக்கூடியது, வென்ட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும்தான். அந்தச் சில நிமிடங்கள்தான் 400 கிலோவுக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் நிற்கின்றன.

அடுத்த முறை அந்த போர்டைப் பார்த்தால், பக்கத்து கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வாங்க. கேஸ் எங்கேயும் போகாது.